பெயரை மறுத்த தாளில் ஒரு முகம்: லூயிவில் நாட்குறிப்பு

ஜூன் 6, வியாழன்: இண்டியானாபொலிஸ் – லூயிவில்

காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய பஸ் மதியம் ஒன்றேகாலுக்கு வந்தது. ஓட்டுநர் வரவில்லை, வேறொருவரை அனுப்புகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். நிலையத்தில் உட்கார நாற்காலி போதவில்லை. தரையில் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் தன் பையிலிருந்து உப்பு வேர்க்கடலையை எடுத்துச் சுற்றியிருந்த எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தார். எனக்கும் கிடைத்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை, கையை நீட்டினோம், வாங்கிக்கொண்டோம். நான்கு மணி நேர எரிச்சலில் பாதி அதிலேயே தணிந்துவிட்டது.

அக்கா வீட்டிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம்தான், கென்டக்கி மாநிலத்து லூயிவில். அமெரிக்கா வந்தால் நயாகராவைப் பார்க்காமல் அங்கே எதற்கு என்று அக்கா கேட்டாள். நான் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். என் வகுப்புப் பிள்ளைகள் முகங்களை வரையக் கற்றுக்கொள்ளும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியின் முகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓங்கிய முஷ்டி, திறந்த வாய், வியர்வை. எல்லாம் ஒரே படம். அந்த மனிதரை அவருடைய சொந்த ஊர் எப்படி வரைந்து வைத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது அப்பா கூட்டத்தில் இருந்தார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அன்று வந்திருந்தார். மேடையில் யார் எங்கே நின்றார்கள் என்பதை அப்பா கடைசிவரை கையை அசைத்து அசைத்து விவரிப்பார்.

பழைய லூயிவில் என்று அழைக்கப்படும் பகுதியில், விக்டோரியா காலத்து வீடு ஒன்றின் மாடியில் அறை. இரவுக்கு 70 டாலர். படிக்கட்டு ஒவ்வொன்றும் முனகுகிறது. குளியலறைக் குழாயில் சுடுநீர் வர நெடுநேரம் ஆகிறது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பெரிய ஓக் மரங்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டாயா, ஹனி?" இந்த ஊரில் கடையில், பஸ்ஸில், நடைபாதையில் எல்லாரும் எல்லாரையும் ஹனி என்கிறார்கள். அறுபதை நெருங்கும் எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. மாலைக்குள் பழகிவிட்டது.

இருட்டுவதற்குள் நான்காவது தெரு வரை நடந்தேன். ஸ்பால்டிங் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் வாசலுக்கு மேலே சிவப்பு சைக்கிள் ஒன்று தொங்குகிறது. 1954 அக்டோபரில், பின்னாளில் முஹம்மது அலி ஆன கேஷியஸ் க்ளே என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் புது சைக்கிள் இங்கே திருட்டுப் போனது. அழுதுகொண்டே கீழ்த்தளத்துக்குப் போனவனுக்கு அங்கே குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்த ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் கிடைத்தார். திருடனை உதைப்பேன் என்றான் பையன். முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் அவர். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் அந்த வாசலின் உயரத்தையும் படிகளையும் நேரில் பார்த்தபோது, பன்னிரண்டு வயதுப் பையன் எவ்வளவு சிறியவனாக இருந்திருப்பான் என்பது உறைத்தது.

ஜூன் 7, வெள்ளி: அலி மையம்

காலையிலேயே புழுக்கம். ஒஹாயோ ஆற்றின் ஈரம் முழுவதும் ஊருக்குள் ஏறி நிற்கிறது. காபி 4 டாலர். உடன் வாங்கிய பெனடிக்டைன் சாண்ட்விச்சில் வெள்ளரிக்காயும் பாலாடைக்கட்டியும் அரைத்த வெளிர்பச்சை விழுது. இந்த ஊர்க்காரரான ஜென்னி பெனடிக்ட் என்ற சமையல் வல்லுநரின் பெயரைத் தாங்கிய பண்டம். வெயில் நாளுக்கு இதைவிட நல்ல காலை உணவு இல்லை.

முஹம்மது அலி மையம் 2005 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையை ஒட்டிய ஆறாவது தெருவில் இருக்கிறது. அதன் வெளிச்சுவரே ஓர் ஓவியம். பக்கத்தில் நின்றால் பல நிறச் செராமிக் ஓடுகள், சதுரம் சதுரமாக, அவ்வளவுதான். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் ஓடுகள் கூடிச் சண்டையிடும் அலியின் உருவங்களாகின்றன. நான் தெருவைக் கடந்து, திரும்பி வந்து, மறுபடி கடந்து பார்த்தேன். எங்கே ஓடு முடிந்து எங்கே மனிதர் தொடங்குகிறார் என்று எல்லைக்கோடு போட முடியவில்லை.

மைக்கேல் காலிஷ் என்ற கலைஞர் 2011இல் லாஸ் ஏஞ்சலஸில் நிறுவிய அலி உருவமும் இந்த வகைதான். ஏறத்தாழ 1,300 குத்துப்பைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டார். சுற்றிவந்தால் பைகளின் காடு. ஒரே ஓர் இடத்தில் நின்றால் அலியின் முகம். படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் அதைக் காட்டாத ஆண்டு இல்லை.

உள்ளே லீராய் நீமனுக்குத் தனிக் காட்சிக்கூடம். குத்துச்சண்டை வளையத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, சண்டை நடக்கும்போதே வரைந்தவர் அவர். வேகமான கோடு, பளீரென்ற நிறம். அலிக்கும் வரைவதில் விருப்பம் உண்டு. நீமன் அவரை வரையத் தூண்டியிருக்கிறார். அலியே 1978இல் வரைந்த சிறிய குத்துச்சண்டைப் படம் ஒன்று 2021 ஏலத்தில் 4,25,000 டாலருக்குப் போனது. ஓவியம் அவருக்கு வீட்டிலிருந்தே வந்தது என்று நினைக்கிறேன். தந்தை கேஷியஸ் க்ளே சீனியர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர், தேவாலயங்களின் சுவர்களில் படம் வரைந்தவர். அலியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தத் தந்தையை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. எழுத்தின் பருமன், நிழல், தூரத்திலிருந்து படிக்கும்படியான நிறம், இவையெல்லாம் தெரிந்த ஒருவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான், தன் உருவம் பார்ப்பவர் கண்ணில் எப்படி விழும் என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

ஆண்டி வார்ஹால் 1977இல் பென்சில்வேனியாவின் டீர் லேக் பயிற்சி முகாமுக்குப் போய் அலியைப் போலராய்டில் எடுத்தார். அதைப் பட்டுத்திரை அச்சாக்கி அக்ரிலிக் வண்ணத்தின்மேல் பதித்தார். கேமரா, அச்சு, தூரிகை மூன்றும் சேர்ந்த முகம். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருப்பது 1977இன் உலகப்புகழ் பெற்ற வீரர் மட்டும். பத்தாண்டுகளுக்கு முன் அந்த மனிதருக்கு நடந்தது அதில் எங்கேயும் இல்லை.

அந்தப் பத்தாண்டுக் கதை மையத்தின் வேறொரு பகுதியில் இருக்கிறது. வெள்ளையருக்கு மட்டுமே என்றிருந்த ஐம்பதுகளின் உணவகக் கவுண்டர் ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போனால், இங்கே உனக்குச் சாப்பாடு கிடையாது, வெளியே போ என்ற பொருளில் ஒரு குரல் அதட்டுகிறது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று வந்தவருக்கும் இந்த ஊர் அதைத்தான் சொன்னது. என் பின்னால் வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி அந்தக் குரலைக் கேட்டதும் தன் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாய் அவளை அங்கிருந்து இழுத்துப்போகவில்லை. குனிந்து, காதோடு நெடுநேரம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

1967 ஏப்ரல் 28. ஹூஸ்டனில் வியட்நாம் போர்க்காலக் கட்டாய ராணுவச் சேர்க்கையின்போது பெயரைக் கூப்பிட்டார்கள். அலி அடியெடுத்து வைக்க மறுத்தார். பட்டம் பறிபோனது, உரிமம் போனது, பாஸ்போர்ட் போனது. ஜூனில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும், 1970 அக்டோபர் வரை அவரால் எந்த வளையத்திலும் ஏற முடியவில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வரை, ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள். அதை எடுத்துக்கொண்ட நாடுதான் இன்று இந்த நகரத்தின் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது.

மாலையில் பிக் ஃபோர் பாலத்தில் நடந்தேன். பழைய ரயில் பாலம், இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். அந்தக் கரை இண்டியானா. அலி தன் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை இந்த ஆற்றில் எறிந்தார் என்றொரு கதை உண்டு, இல்லை தொலைந்துபோனது என்றும் சொல்வார்கள். கால் வலிக்கும்வரை நடந்துவிட்டு, வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டேன். கம்பு ரொட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் மீன் நீட்டிக்கொண்டிருந்தது. 11 டாலர். இரவுக்கும் மிச்சம் இருந்தது.

ஜூன் 8, சனி: கிழக்கு மார்க்கெட் தெரு

இந்தப் பயணம் எனக்கு எதற்காக வாய்த்தது என்று கேட்டால் இன்றைய நாளைத்தான் சொல்வேன்.

மார்க்கெட் தெருவின் கிழக்குப் பகுதியில் பழைய கிடங்குகள் எல்லாம் இப்போது ஓவியக் கடைகளும் உணவகங்களும். விலைகள் எனக்கானவை அல்ல. ஒரு கோப்பை ஐஸ்க்ரீம் 8 டாலர் என்று படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சந்துக்குள் கதவு திறந்திருந்த சிறிய காட்சியறை ஒன்றில், மின்விசிறிக்கு எதிரே, சுவர் முழுக்க ஓர் அலி.

முஷ்டி இல்லை. கையுறை இல்லை. நேராகப் பார்க்கும் முகமும் மடியில் கிடக்கும் கைகளும் மட்டும். பத்தடி தூரத்திலிருந்து கரித்தூளில் வரைந்த படம் என்றுதான் நினைத்தேன். நெருங்கினால் தோல் முழுவதும் எழுத்து. செய்தித்தாள் துணுக்குகள், ஆயிரக்கணக்கில். இருண்ட இடங்களில் கொட்டை எழுத்துத் தலைப்புகள், வெளிச்சம் படும் கன்னத்தில் பொடி எழுத்து விளம்பரங்கள். நிழலும் ஒளியும் மையின் அடர்த்தியிலிருந்தே வந்திருந்தன.

வரைந்தவர் உள்ளேயே இருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும் கறுப்பினப் பெண்மணி, மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் படத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் நின்று துணுக்குகளைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"உட்கார்ந்து படி, ஹனி. நின்று படித்து முடிக்க முடியாது."

எல்லாம் அறுபதுகளின் நாளிதழ்கள். எல்லாவற்றிலும் க்ளே, க்ளே, க்ளே. 1964 மார்ச்சிலேயே அவர் முஹம்மது அலி ஆகிவிட்டார். ஆனால் நாட்டின் பல பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் அந்தப் பெயரை அச்சிட மறுத்துப் பழைய பெயரையே எழுதின.

"அவருடைய பெயரைச் சொல்ல மறுத்த தாள்கள் இவை" என்றார். "அந்தத் தாள்களையே அவருடைய தோலாக்கினேன். இப்போது அவை அவரைச் சுமக்கட்டும்."

நெற்றியில் மட்டும் வேறு வகைத் தாள், பெரிய எழுத்து. 1971 ஜூன் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் முதல் பக்கம். எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்த தீர்ப்பு. அந்த வழக்கின் தலைப்பிலும் க்ளே என்ற பெயர்தான் முதலில் நிற்கிறது. அவரை விடுவித்த தாளிலும் அலி என்பது 'இப்படியும் அழைக்கப்படுபவர்' என்ற அளவில்தான் வருகிறது. நான் அதைப் படித்து நிமிர்ந்தபோது அந்த அம்மாள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழில்நுட்பம் பற்றிக் கேட்டேன். மனம் விட்டுச் சொன்னார். அசல் செய்தித்தாளை ஒட்டுவதில்லை. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுத்து, சில ஆண்டுகளில் தாள் நொறுங்கிவிடும். பழைய பக்கங்களைப் பிரதி எடுத்து, அமிலம் இல்லாத பருத்தித் தாளில் அச்சிட்டுக்கொள்கிறார். மேட் மீடியம் என்ற அக்ரிலிக் பசையைக் கீழே ஒரு பூச்சு, மேலே ஒரு பூச்சு. பசை காயும் முன் விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும், இல்லையென்றால் காற்றுக் குமிழ் நின்றுவிடும். அடிப்பலகை, இடித்த வீடு ஒன்றின் கதவு. தாடையில் பழைய பயிற்சிக் கையுறையின் தோலை வெட்டித் தைத்திருந்தார். விரலால் தொட்டுப் பார்க்கவும் விட்டார். வெடித்து, வழவழப்பு போய், உப்பு பூத்த தோல்.

பிறகு கைகள். அவைதான் என்னை உலுக்கிவிட்டன. மடியில் கிடந்த இரண்டு கைகளையும் தாளிலோ வண்ணத்திலோ அவர் செய்யவில்லை. கறுப்பும் பழுப்புமான நூல். ஒரு முனை பலகையில் தைக்கப்பட்டு மறுமுனை தளர விடப்பட்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் விரல்கள் மட்டும் ஓயாமல் நடுங்கின.

அலிக்கு 1984இல் பார்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. "முப்பது ஆண்டுகள் அந்த நோயாளிகளின் கைகளைப் பிடித்திருக்கிறேன்" என்றார் அவர். "பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம். எதையாவது பிடிக்கக் கை நீட்டினால் குறையும். வண்ணத்தால் நடுக்கத்தை வரைய முடியாது. வரைந்தால் மங்கிய கைதான் வரும்."

1996இல் அட்லாண்டாவில் அலி ஒலிம்பிக் சுடரை ஏற்றியதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நடுங்கிய இடது கையை நம் கண்கள் தவிர்க்கப் பார்த்தன. இந்த அம்மாள் தவிர்க்கவில்லை. அந்தக் கையைப் படத்தின் நடுவில் வைத்திருக்கிறார். அதில் இரக்கம் கேட்கும் தொனி துளியும் இல்லை. மேலே முகம் கல்லில் செதுக்கிய சாமி முகம் போல அசையாமல் நிற்கிறது. கீழே கை நடுங்குகிறது. இரண்டும் ஒருவரே.

இத்தனை ஆண்டுகள் கலப்பு ஊடகம் என்ற பாடத்தை, எந்தப் பொருள் எதனோடு ஒட்டும் என்பதாகவே நடத்திவந்தேன். ஒரு பொருள் படத்துக்குள் வர என்ன உரிமை பெற்றிருக்கிறது என்று கேட்கவேண்டும் என்பதை இந்தப் பலகையின் முன்னால் உணர்ந்தேன். இதில் அழகுக்காக ஒட்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. கையுறைத் தோல் அடி வாங்கியது. தாள் அவமதித்தது. நூல் நடுங்குகிறது. எண்ணெய் வண்ணத்தில் எவ்வளவு திறமையாக வரைந்தாலும், இவை மூன்றும் வெறும் உருவ ஒற்றுமையாகவே நின்றுவிடும்.

அப்பாவின் சென்னைக் கதையைச் சொன்னேன். ஜிம்மி எல்லிஸ் என்றதும் நிமிர்ந்தார். "அவரும் எங்கள் ஊர்ப் பையன்!" என்றார். லூயிவில்லில் இளம் வயதில் எதிரெதிரே மோதிய இருவரும் சென்னையில் ஒரே வளையத்தில் நின்றார்கள் என்பது அவருக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. என் அப்பா என்ன வேலை பார்த்தார், மழை பெய்ததா, கூட்டம் என்ன கத்தியது என்று வரிசையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

விலை 4,800 டாலர். படத்தின் கீழே பெயர் எழுதித் தந்தால் வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னாராம். மறுத்துவிட்டார். பக்கத்தில் ஒட்டிய சிறு அட்டையில் மட்டும் முஹம்மது அலி என்று கையால் எழுதியிருக்கிறார். பெயர்ப்பலகை எழுதுபவரின் எழுத்து, சாய்வு இல்லாமல், சரியான இடைவெளியுடன்.

வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை இல்லை. பக்கத்து உணவகத்துக்காரர் கூப்பிட்டு உள்ளே நிற்கச் சொன்னார். எதுவும் வாங்கவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு: கேவ் ஹில், க்ராண்ட் அவென்யூ

மழைக்குப் பிறகு வெக்கை இன்னும் கூடிவிட்டது. கேவ் ஹில் கல்லறைத் தோட்டம் 1848இலிருந்து இருக்கிறது. மேடும் பள்ளமும் ஏரியுமாகப் பெரிய இடம். கோழி வறுவலுக்குப் பெயர்போன கர்னல் சாண்டர்ஸும் இங்கேதான் இருக்கிறார். அலியின் கல்லறை மிக எளிமையானது. பிறருக்குச் செய்யும் சேவையே சொர்க்கத்தில் நமக்குக் கிடைக்கும் அறைக்கான வாடகை என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். ஜூன் 3 நினைவு நாள் இப்போதுதான் போனது. பூக்கள் இன்னும் கிடந்தன.

அங்கிருந்து மேற்குப் பகுதிக்கு இரண்டு பஸ். ஒருமுறைக் கட்டணம் 1.75 டாலர். க்ராண்ட் அவென்யூ 3302ஆம் எண் வீடு இளஞ்சிவப்பு நிறம், சின்ன முற்றம், வாசலில் வரலாற்றுப் பலகை. அலி வளர்ந்த வீடு. 2016 மே மாதம் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அடுத்த மாதமே அவர் இறந்தார். நான் போனபோது பூட்டியிருந்தது. கிழக்கு மார்க்கெட் தெருவில் ஐஸ்க்ரீம் 8 டாலருக்கு விற்கும் ஊரில், இந்தத் தெருவில் பூட்டிய வீடுகளும் வெற்று மனைகளும் தென்படுகின்றன. அலி பெயரில் விமான நிலையமும் நெடுஞ்சாலையோரக் கட்டடமும் வந்த பிறகும் அவர் தெரு இப்படி இருப்பது எனக்குக் கோபத்தைத் தந்தது. அதை எழுதாமல் விட முடியாது.

எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த முதியவர் என்னைக் கூப்பிட்டுக் குளிர்ந்த இனிப்புத் தேநீர் கொடுத்தார். 2016 ஜூன் 10 அன்று இறுதி ஊர்வலம் இந்த வீட்டு வழியாகத்தான் போனது. காரின் மேல் ஜனங்கள் பூ வீசியதை, முன்கண்ணாடியில் பூக்கள் குவிந்ததை, பிள்ளைகள் காரோடு ஓடியதைச் சொன்னார். படம் வரைகிறவன் என்றதும் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வீட்டின் படத்தில் தாழ்வாரத் தூண் ஒன்று குறைகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். அவர் முன்னாலேயே சேர்த்தேன்.

ஜூன் 10, திங்கள்: திரும்பும் வழி

ஓவியப் பொருள் கடையில் மேட் மீடியம் ஒரு புட்டி, 17 டாலர். பருத்தித் தாள் பத்து, 22 டாலர். பஸ் இந்த முறை சரியான நேரத்துக்கு வந்தது. ஓட்டுநரிடம் கேட்டுத் தாள்களை மடங்காமல் மேல் தட்டில் வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துப்போய்ப் பழைய நாளிதழ்த் தொகுப்புகளைப் புரட்டச் சொல்லப்போகிறேன். யாருடைய முகம் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். அந்த முகத்தைப் பற்றி அன்றைய தாள்கள் என்ன எழுதின என்பதை முதலில் படிக்கவேண்டும், கத்தரிக்கோல் அதற்குப் பிறகுதான்.